எங்கிருந்து, எங்கே? – கணினி நகலில் ஒரு குமாஸ்தாவின் கணக்கு

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்த இதழில் தரப்படுகிறது.)



என்னை இந்த மைக்குக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது போன சித்திரையில் இடித்த இடி. அன்று சாயங்காலம் கரண்ட் போய் வந்ததும் நம் சங்க அலுவலகத்துக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று சொன்னார்கள். அதற்குள்ளே நான்கு வருடப் பராமரிப்புக் கணக்கு, கூட்டக் குறிப்புகள், லிஃப்ட் ஒப்பந்தக் கடிதங்கள், போர்வெல் பில்கள் எல்லாம் இருந்தன. வேறு எங்கேயும் இல்லை.

அதற்கு அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். பழைய பிரிண்ட் ஒன்றில் ஒரு வீட்டுக்கு மூன்று மாத பாக்கி என்று இருந்தது. அவர் ரொக்கமாகக் கட்டிவிட்டேன் என்றார். ரசீதை எங்கோ வைத்துவிட்டார். நம்மிடம் கணக்கு இல்லை. பத்து நாள் இரண்டு வீட்டுக்காரர்கள் லிஃப்டில் முகம் பார்க்காமல் ஏறி இறங்கினார்கள். கடைசியில் அலமாரியின் அடித்தட்டில் பழைய ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை கிடைத்தது. அவர் கட்டியிருந்தார். ஒரு அடிக்கட்டை இரண்டு வீட்டுப் பேச்சை மீட்டுக் கொடுத்தது.

அந்த அடிக்கட்டைதான் இன்றைக்கு நான் பேச வந்த விஷயம். கம்ப்யூட்டரில் இருப்பதற்கும் அடிக்கட்டை வேண்டும். அதை எப்படி எடுப்பது, எடுத்தது சரிதானா என்று எப்படிப் பார்ப்பது, இந்த இரண்டையும் சொல்கிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். படித்துவிட்டு பேங்கில் குமாஸ்தாவாக இருந்தவன். ஆனால் இது பாதி கம்ப்யூட்டர் வேலை, பாதி கணக்கு வேலை. கணக்கு வேலை எனக்குத் தெரியும்.

பேங்குகளில் இயந்திரமயமாக்கலைப் பற்றி ரங்கராஜன் குழு அறிக்கை கொடுத்தது 1984-இல். அதற்குப் பிறகுதான் கிளைகளுக்கு ஏ.எல்.பி.எம். என்கிற லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வந்தன. எங்கள் கிளைக்கு வந்தபோது எங்களுக்குப் பயம். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், எழுதியது காணாமல் போய்விடும் என்ற பயம் இன்னொரு பக்கம். அதனால் தினமும் நாள் முடிவில் ஃப்ளாப்பியில் நகல் எடுக்கச் சொன்னார்கள். ஒரு செட் கிளையில் இருக்கும். இன்னொரு செட் கிளைக்கு வெளியே போய்விடும். கிளை தீப்பிடித்தாலும் கணக்கு தீப்பிடிக்கக் கூடாது என்பார் எங்கள் மேனேஜர்.

நகல் எடுத்ததோடு வேலை முடியாது. ஒருவர் எழுதினால் இன்னொருவர் டிக் போட வேண்டும். டிக் போடாத வவுச்சர் வவுச்சரே இல்லை. இந்தப் பழக்கம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தபோது மட்டும் நமக்கு எப்படியோ மறந்துவிட்டது. பென் டிரைவில் இழுத்துப் போட்டோம், பச்சைக் கோடு ஓடியது, முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

மவுஸால் இழுத்துப் போடுவதில் என்ன குறை? பத்து போட்டோவுக்கு ஒரு குறையும் இல்லை. பத்தாயிரம் போட்டோவுக்கு நிறைய இருக்கிறது. இரண்டு மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எது போனது, எது போகவில்லை என்று தெரியாது. மறுபடி முதலிலிருந்து இழுத்தால், ஏற்கெனவே இருக்கிறதே, மாற்றட்டுமா, விடட்டுமா என்று கேட்கும். கேள்வியைச் சரியாகப் படிக்காமல் ஏதோ ஒன்றை அழுத்துவோம். எல்லாம் முடிந்த பிறகு கையில் ஒரு கணக்கும் இருக்காது.

இதற்குத்தான் கட்டளை வரி என்ற ஒன்று இருக்கிறது. கருப்புத் திரையில் எழுத்தாக எழுதிக் கொடுப்பது. பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் அது நமக்குப் பழகிய வேலைதான். செல்லான் எழுதுவது போல. யாரிடமிருந்து, யாருக்கு, எவ்வளவு, என்ன நிபந்தனை. எழுதிக் கொடுத்ததை மட்டும் செய்யும். செய்ததற்கு ரசீது தரும்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு இதற்கான கட்டளையின் பெயர் ரோபோகாப்பி. ரோபோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உறுதியான நகல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸோடு கூடவே வருகிறது. தனியாக வாங்க வேண்டாம், இறக்க வேண்டாம். விண்டோஸ் விசையை அழுத்தி சி, எம், டி என்ற மூன்று எழுத்தைத் தட்டினால் கருப்புத் திரை வரும். அதில் எழுத வேண்டியது இதுதான்: ரோபோகாப்பி, ஒரு இடைவெளி, எங்கிருந்து, ஒரு இடைவெளி, எங்கே, ஒரு இடைவெளி, பிறகு நிபந்தனைகள். ஆங்கில எழுத்தில் அப்படியே தட்ட வேண்டிய வரிகளை ஒரு தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன். போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு சின்ன விஷயம். ஃபோல்டர் பெயரின் நடுவில் இடைவெளி இருந்தால் முழு முகவரியையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். இல்லாவிட்டால் அது இரண்டு பெயர் என்று நினைத்துக்கொள்ளும். அடுத்தது, சாய்கோட்டில் இரண்டு வகை. ஃபோல்டர் முகவரிக்கு என்டர் விசையின் பக்கத்தில் இருக்கும் பின்சாய்கோடு. நிபந்தனைக்குக் கேள்விக்குறி விசையில் இருக்கும் முன்சாய்கோடு.

நிபந்தனைகள் ஏராளம். நமக்கு நான்கு போதும்.

முதலாவது, ஈ. உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள், அதற்குள் இருக்கும் ஃபோல்டர்கள், காலியானவை உட்பட எல்லாவற்றையும் எடு என்று பொருள். இதைப் போடாவிட்டால் மேல்தட்டில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடும்.

இரண்டாவது, எல். இதுதான் என் செல்லப்பிள்ளை. இதைச் சேர்த்தால் ஒன்றையும் நகல் எடுக்காது, ஒன்றையும் அழிக்காது. நீ சொன்னபடி செய்தால் இதெல்லாம் நடக்கும் என்று பட்டியல் மட்டும் போட்டுக் காட்டும். முதலில் எப்போதும் எல் போட்டு ஓட்டுங்கள். பட்டியலைப் படியுங்கள். சரி என்று பட்டால் எல்-ஐ எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

மூன்றாவது, ஆர் என்றும் டபிள்யூ என்றும் ஒரு ஜோடி. ஒரு ஃபைலைப் படிக்க முடியாவிட்டால் எத்தனை தடவை முயல வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்பது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது தானாக வைத்திருக்கும் கணக்கு என்ன தெரியுமா? பத்து லட்சம் தடவை, நடுவில் 30 விநாடி. மூன்று கோடி விநாடி ஆகிறது. நாளாக்கிப் பார்த்தேன், 347 நாள். பழைய டிஸ்கில் கெட்டுப்போன ஒரே ஒரு போட்டோ இருந்தால் போதும், போன தீபாவளிக்கு ஆரம்பித்தது அடுத்த தீபாவளி நெருங்கும்போதுதான் முடியும். எனக்கு முதல் தடவை அப்படித்தான் நின்றது. மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அணைத்துவிட்டேன். ஆர் 2, டபிள்யூ 5 என்று கொடுங்கள். இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, முடியவில்லை என்று எழுதி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும்.

நான்காவது, லாக். வந்த ரசீதை ஒரு ஃபைலாக எழுதி வைக்கச் சொல்வது. எந்தத் தேதியில் என்ன எடுத்தோம் என்பதற்கு ஆதாரம்.

இப்போது அந்த ரசீதைப் பார்ப்போம். ஓடி முடிந்ததும் கடைசியில் ஒரு சின்ன அட்டவணை வரும். ஃபோல்டர் எத்தனை, ஃபைல் எத்தனை, பைட் எத்தனை என்று வரிசைகள். மொத்தம், நகல் எடுத்தது, தாண்டியது, பொருந்தாதது, தோற்றது, உபரி என்று ஆறு பத்திகள். முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்குப் பழைய பேலன்சிங் புத்தகத்தைத் திறந்த மாதிரி இருந்தது. நகல் எடுத்தது, தாண்டியது, பொருந்தாதது, தோற்றது, இந்த நான்கையும் கூட்டினால் மொத்தம் வர வேண்டும். தோற்றது என்ற பத்தியில் பூஜ்யம் இருக்க வேண்டும். பூஜ்யம் இல்லையென்றால் வேலை முடியவில்லை. எது தோற்றது என்று மேலே போய்த் தேட வேண்டும்.

தோற்பதற்குச் சாதாரணக் காரணம் ஒன்று சொல்கிறேன். கல்யாண வீடியோ பெரிய ஃபைலாக இருக்கும். பென் டிரைவ்கள் பலவும் ஃபேட்32 என்ற முறையில் அமைக்கப்பட்டு வரும். அதில் 4 ஜி.பி. அளவுள்ள ஒரு தனி ஃபைல் ஏறாது. இடம் எவ்வளவு காலியாக இருந்தாலும் ஏறாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றி அமைத்தால் ஏறும். மாற்றி அமைக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் காலி செய்துகொள்ளுங்கள்.

அட்டவணை சரியாக இருந்தால் அதே கட்டளையை இரண்டாம் தடவை ஓட்டுங்கள். ஃபைல் வரிசையில் இப்போது நகல் எடுத்தது பூஜ்யமாகவும், தாண்டியது மொத்தத்துக்குச் சமமாகவும் வர வேண்டும். அளவும் தேதியும் ஒத்திருக்கும் ஃபைலை அது மறுபடி எடுப்பதில்லை. கரண்ட் போய் பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் இதனால்தான். இந்த இரண்டாவது ஓட்டம்தான் டிக் போடுவது. அது பார்ப்பது அளவையும் தேதியையும் மட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால் நகலிலிருந்து பத்து ஃபைலைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி, முடிந்தால் வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். கிரயப் பத்திரம் போன்ற முக்கியமான ஃபைலுக்கு சர்ட்யூடில் என்ற கட்டளை இருக்கிறது. அது ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்து 64 எழுத்தில் ஒரு கைரேகை எடுத்துக் கொடுக்கும். அசலின் கைரேகையும் நகலின் கைரேகையும் ஒன்றாக இருந்தால் ஒரு புள்ளி கூட மாறவில்லை என்று நம்பலாம்.

இவ்வளவும் தெரிந்தவன் தப்பு செய்திருக்க மாட்டான் என்று நினைப்பீர்கள். இவ்வளவும் எனக்குத் தெரிந்ததே தப்பு செய்த பிறகுதான். அதைச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை.

ரோபோகாப்பியில் மிர் என்று ஒரு நிபந்தனை உண்டு. கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கம் அப்படியே இருக்க வேண்டும். இங்கே புதிதாக வந்தது அங்கே போகும். இங்கே இல்லாதது அங்கே இருந்தால் அது அழிக்கப்படும். சரியாகப் பயன்படுத்தினால் அருமையான வசதி. நான் அதை ஒரு சின்னக் கட்டளைக் கோப்பாக எழுதி வைத்திருந்தேன். இரண்டு தட்டுத் தட்டினால் ஈ டிரைவில் இருப்பதை எஃப் டிரைவுக்குக் கண்ணாடியாக்கும். ஈ என்பது பழைய டிஸ்க். எஃப் என்பது நகல்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு புது டிஸ்க் வாங்கினேன். அன்று கை வாக்கில் புது டிஸ்கை முதலில் செருகிவிட்டேன், பழையதை அப்புறம் செருகினேன். விண்டோஸ் ஈ என்ற எழுத்தைப் புதுசுக்குக் கொடுத்தது. பழையது எஃப் ஆகிவிட்டது. வழக்கம்போல இரண்டு தட்டுத் தட்டினேன். காலி டிஸ்கைக் கண்ணாடியில் காட்டச் சொன்னால் எதிரே என்ன தெரியும்? காலிதான் தெரியும். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று முதலில் சந்தோஷப்பட்டேன்.

கட்டளை வரியில் அழிந்தது குப்பைத் தொட்டிக்கும் போகாது.

2018 வரைக்குமான போட்டோக்கள் சிங்கப்பூரில் இருக்கும் மகளிடம் ஒரு பென் டிரைவில் இருந்தன. அவள் ஊருக்கு வந்தபோது கேட்டு வாங்கிப் போயிருந்தாள். அவை திரும்பி வந்தன. அதற்குப் பிந்தியவை போயின. அதில் என் அம்மாவின் குரல் இருந்தது. தன் கல்யாணத்துக்கு இரட்டை மாட்டு வண்டியில் வந்ததையும், வழியில் ஒரு மாடு படுத்துக்கொண்டதையும், முகூர்த்தம் தப்பிவிடும் என்று மாமன்மார் வண்டியை இழுத்ததையும் நாற்பது நிமிடம் சொல்லியிருந்தார். மீட்டெடுக்கும் கடையில் கொடுத்துப் பார்த்தேன். பெயரில்லாத துண்டுகளாக நிறைய வந்தன. அம்மாவின் குரல் பதினொரு நிமிடம் வந்தது. வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் நின்றுவிடுகிறது. அம்மா இப்போது இல்லை, மறுபடி கேட்க முடியாது.

பேங்கில் இத்தனை வருடம் பற்று எது, வரவு எது என்று எழுதியவன் நான். இடதும் வலதும் மாறினால் என்ன ஆகும் என்று எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அன்று எழுத்தைப் பார்த்தேன், டிஸ்கைப் பார்க்கவில்லை. ஈ என்பது டிஸ்கின் பெயர் இல்லை, அது உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் எண். நாளைக்கு வேறு யாராவது அந்த நாற்காலியில் உட்காரலாம்.

அதனால் இப்போது மூன்று பழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு டிஸ்குக்கும் பெயர் வைத்துவிட்டேன். அசல் என்று ஒன்று, நகல் என்று ஒன்று. கட்டளை ஓட்டுவதற்கு முன்னால் வி, ஓ, எல் என்று தட்டி டிரைவ் எழுத்தைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும். அதைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரி. இரண்டாவது, எல் போடாமல் முதல் ஓட்டம் கிடையாது. அன்று எல் போட்டிருந்தால் பட்டியலில் முழுக்க உபரி என்று வந்திருக்கும், என் கண் விழித்திருக்கும். மூன்றாவது, மிர்-ஐ வீட்டு வேலைக்குப் பயன்படுத்துவதை விட்டுவிட்டேன். ஈ மட்டும் போட்டால் எதையும் அழிக்காது. ஆனால் திசை மாறினால் பழைய ஃபைல் புதிய ஃபைலின் மேல் ஏறிவிடும். அதைத் தடுக்க எக்ஸ்-ஓ என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். பழையது புதியதை மூடாது.

இதிலிருந்து ஒரு பொதுவான விஷயம் தெரிந்துகொண்டேன். ஒத்திசைப்பது வேறு, பாதுகாப்பு நகல் வேறு. ஒத்திசைப்பு என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது. உங்கள் தப்பும் அடுத்த பக்கத்துக்குப் போய்ச் சேரும். போனில் இருக்கும் கூகுள் போட்டோஸும் அப்படித்தான். இடம் பற்றவில்லை என்று அதில் ஒரு படத்தை அழித்தால் மேலே சேமித்ததும் சேர்ந்து போகிறது. சேமிக்கப்பட்ட படம் அதன் குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், பிறகு போய்விடும். இலவசமாகத் தருவது 15 ஜி.பி. 2021 ஜூன் முதல் போட்டோக்களும் அந்தக் கணக்கில்தான் சேர்கின்றன. நல்ல வசதிதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது அடிக்கட்டை ஆகாது. அடிக்கட்டை என்பது கிழித்த பிறகு நாம் கை வைக்காதது.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மிடம் யாரிடம் லினக்ஸ் இருக்கிறது என்று கேட்காதீர்கள். அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. பல வீட்டுப் பரண்களில் அது இருக்கும். அதில் பயன்படும் கட்டளை ஆர்சிங்க். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கரஸ் என்ற இருவர் எழுதி 1996-இல் வெளியிட்டது. மெதுவான தொலைபேசி இணைப்பில் பெரிய ஃபைலை எப்படி அனுப்புவது என்பது அந்தக் காலத்துப் பிரச்சினை. ஆர்சிங்க் என்ன செய்கிறது என்றால், இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில் ஃபைலைத் துண்டு துண்டாக ஒப்பிட்டு, மாறிய துண்டை மட்டும் அனுப்புகிறது. பாஸ்புக்கை நீட்டினால் நாங்கள் முதல் பக்கத்திலிருந்து எழுதுவோமா? கடைசி வரியைப் பார்த்து, அதற்குக் கீழே எழுதுவோம். அதே கணக்கு.

இதிலும் சின்ன எழுத்து என் போட்டால் ஒத்திகை மட்டும் நடக்கும். டெலீட் என்று சேர்த்தால் மிர் போலவே அங்கே இருப்பதை அழிக்கும். ஒரு பொறி இருக்கிறது. எங்கிருந்து என்ற இடத்தில் ஃபோல்டர் பெயருக்குக் கடைசியில் சாய்கோடு போட்டால் உள்ளே இருக்கும் பொருள் மட்டும் போகும். சாய்கோடு போடாவிட்டால் பெட்டியோடு போகும். ஒரு கோடுதான் வித்தியாசம். ஒத்திகை பார்த்தால் தெரிந்துவிடும்.

சரி, நகல் எடுத்தாயிற்று, டிக் போட்டாயிற்று. அதை எங்கே வைப்பது? அதே மேஜை இழுப்பறையில் வைத்தால் இடி இரண்டுக்கும் சேர்த்துத்தான் இடிக்கும்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். வாழ்நாள் முழுக்கத் தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று கண்டதையெல்லாம் சேர்த்தார். ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் என்பார்கள். எல்லாம் ஒரே ஊரில், ஒரே மனிதரின் பொறுப்பில். அவர் 1992-இல் காலமானார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அங்கே அவற்றை நுண்படமாக எடுத்தார்கள், பிறகு கணினியில் ஏற்றினார்கள். இன்று ஒரு பிரதி மட்கினாலும் நகல் இருக்கிறது.

மறுபக்கமும் பாருங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஜூன் முதல் தேதியை ஒட்டிய இரவில் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 புத்தகங்களும் ஓலைச்சுவடிகளும் போயின. அச்சுப் புத்தகத்துக்கு வேறு ஊரில் பிரதி கிடைக்கலாம். ஒரே பிரதியாக இருந்த சுவடிக்கு எங்கே போவது? இன்று ஈழத்து எழுத்துகளைக் கணினியில் ஏற்றி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது நூலகம் என்ற அமைப்பு. 2005-இல் தொடங்கியது. அந்தப் பெயரை ஏன் வைத்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய கம்பெனிக்கும் இதே கதிதான். 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 படம் தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ ஓட்டிய ஒரு அழிப்புக் கட்டளை படத்தின் ஃபைல்களைத் தின்ன ஆரம்பித்தது. பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் அது சரியாக வேலை செய்யாமலே இருந்திருக்கிறது. யாரும் டிக் போடவில்லை. கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் அப்போது கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தது. அதைப் போர்வையில் சுற்றி, காரில் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். பேக்கப் இருப்பதாக நினைத்தது உதவவில்லை, வேறு இடத்தில் இருந்த நகல் உதவியது.

மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு வாய்பாடு சொல்வார்கள். அசலோடு சேர்த்து மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். பேரனுக்குச் சொல்லிக் கொடுத்தால் ஒரே நாளில் மனப்பாடம் ஆகிவிடும். நகல் டிஸ்கை எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியே வைக்காதீர்கள். பணம் கேட்டு ஃபைலைப் பூட்டும் வைரஸ் வந்தால் செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

போனில் இருக்கும் போட்டோவுக்கு என்ன செய்வது என்று பி பிளாக் ஆச்சி ஒருவர் கேட்டார். போனைக் கேபிளில் செருகினால் அதற்கு டிரைவ் எழுத்து கிடைப்பதில்லை. அதனால் ரோபோகாப்பி நேராகப் போனுக்குள் போகாது. முதலில் மவுஸால் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவாருங்கள். எண்ணிக்கையைப் பாருங்கள். பிறகு கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்குக்குக் கட்டளை வரியில் எடுங்கள். சரிபார்க்கும் வரை போனிலிருந்து ஒன்றையும் அழிக்காதீர்கள்.

முடிக்கும் முன் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஐந்தையும் நம் நடைமுறையாக வைத்துக்கொள்வோம்.

1. சங்கத்துக்கு இரண்டு டிஸ்க் வாங்குவோம். ஒன்று அலுவலகத்தில், ஒன்று பொருளாளர் இல்லாத வேறு பிளாக்கில் ஒருவர் வீட்டில். காலாண்டுக்கு ஒரு முறை மாற்றிக்கொள்வோம்.

2. மாதக் கணக்கு முடித்த அன்றே நகல் எடுப்போம். எல் போட்டு ஒத்திகை, பிறகு ஓட்டம், பிறகு இரண்டாம் ஓட்டம்.

3. ரசீது அட்டவணையை அச்செடுத்து, எடுத்தவர் ஒருவரும் பார்த்தவர் ஒருவரும் கையெழுத்துப் போடுவோம். ஒரே ஆள் இரண்டு கையெழுத்தும் போடக் கூடாது.

4. காலாண்டுக் கூட்டத்தில் நகல் டிஸ்கிலிருந்து ஏதாவது ஒரு மாதக் கணக்கை எல்லோர் முன்னிலையிலும் திறந்து காட்டுவோம். திறந்தால்தான் அது நகல்.

5. ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைத் தூக்கிப் போட மாட்டோம்.

உங்கள் வீட்டு டிஸ்குக்கு நான் உதவத் தயார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் இருப்பேன். டிஸ்கைக் கொண்டுவாருங்கள். என்டர் விசையை நீங்கள்தான் தட்ட வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து எங்கிருந்து, எங்கே என்று மட்டும் கேட்பேன். உங்கள் வீட்டிலும் அம்மாவோ அப்பத்தாவோ பேசிய ஒரு பதிவு ஏதாவது ஒரு போனில் இருக்கும். இன்று வீட்டுக்குப் போனதும் அது எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்றால் முதல் ஞாயிறு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ராத்திரியே கதவைத் தட்டுங்கள்.